அலை என்கிற சொல்லும் அதன் கணக்கும்

நம் விமர்சன எழுத்தில் மலிந்துபோன சொற்களில் ஒன்று 'அலை'. அனுதாப அலை, எதிர்ப்பலை, பெண்ணியத்தின் இரண்டாம் அலை, சினிமாவில் புதிய அலை. எதையும் விளக்காமல் தப்பிக்க இந்தச் சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்றாகிவிட்டது. 'இந்தத் தடவை அலை அடிக்குதுங்க' என்று டீக்கடையில் சொல்கிறவருக்குக்கூடத் தான் சொல்வது உவமை என்று தெரியும். நாமோ அதைக் கருத்தாக்கமாகவே பாவிக்கிறோம். இரவல் வாங்கிய சொல்லுக்கு அதன் சொந்த வீட்டில் என்ன கணக்கு என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கணக்கு சின்னது. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறியை எடுத்துக்கொள்வோம். நாடா குறுக்கே ஓடி ஓர் ஊடை விழுந்தால் ஒரு பிக். நிமிடத்துக்கு 120 பிக் என்று வைத்துக்கொண்டால் அதுதான் அதிர்வெண். ஒரு பிக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை வினாடி. அது அலைவு நேரம். ஒன்றைத் தலைகீழாக்கினால் மற்றது. துணியில் அங்குலத்துக்கு 60 பிக் என்றால் ஊடைக்கும் ஊடைக்கும் உள்ள இடைவெளி அங்குலத்தில் அறுபதில் ஒரு பங்கு. இது அலைநீளத்தின் இடத்தில் இருப்பது. பெருக்கினால் துணி நிமிடத்துக்கு 2 அங்குலம் நகர்கிறது. வேகம் என்பது அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கியது. அலைநீளத்தை அலைவு நேரத்தால் வகுத்தாலும் அதேதான் வரும்.

அதே தறியில் அங்குலத்துக்கு 80 பிக் கேட்டால் நிமிடத்துக்கு ஒன்றரை அங்குலம்தான் நகரும். பிக்கைப் பார்க்காமல் மீட்டருக்கு மட்டும் கூலி பேசினால், நெருக்கி நெய்கிறவர் வயிற்றில்தான் அடி. 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்திய இந்த வட்டாரத்துக்கு இந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் இந்த உதாரணம் ஓரிடத்தில் பிசகுகிறது. அந்த இடம்தான் நமக்கு முக்கியம். தறியில் பிக்கின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் நாம் முடுக்கி வைக்கிறோம். வேகம் அதன் விளைவு. அலையில் அப்படியில்லை.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் மில்கள் பெருகின. மில் சங்கு ஊரின் கடிகாரமாயிற்று. நம் ஊர் வெயிலில் காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குச் சங்கு ஏறக்குறைய மூன்று வினாடி தாமதம். சங்கின் அதிர்வெண் 350 என்றால் அலைநீளம் ஒரு மீட்டர். கீச்சென்று 700-க்கு ஏற்றினால்? சத்தம் சீக்கிரம் போய்ச் சேராது. அலைநீளம் அரை மீட்டராகக் குறுகும், அவ்வளவுதான். ஓங்கி ஊதினாலும் இதே கதை. சத்தத்தின் பலத்துக்குச் சமன்பாட்டில் இடமே கிடையாது. மாரியம்மன் நோம்பியில் பறையின் கனத்த ஒலியும் நாதசுரத்தின் மேல்சுருதியும் அடுத்த ஊருக்கும் ஒன்றாகவே போய்ச் சேருவது இதனால்தான். வேகமாகப் போவது எது என்று போட்டியிருந்தால் தாளம் வழியிலேயே சிதறிப்போயிருக்கும்.

அதிர்வெண்ணைத் தருவது ஊதுகிறவன். வேகத்தைத் தருவது காற்று. இரண்டுக்கும் நடுவில் வளைந்துகொடுப்பது அலைநீளம். அதே ஒலி இரும்புக்குள் நுழைந்தால் வேகம் வினாடிக்குச் சுமார் 5000 மீட்டர் ஆகிவிடும். அதிர்வெண் மாறாது, ஒரு மீட்டராக இருந்த அலைநீளம் பதினான்கு மீட்டராக நீளும். கண்ணாடிக்குள் ஒளி, கடலில் நீரலை போன்றவற்றில் வேகம் அலைநீளத்தைப் பொறுத்தும் மாறும் என்பது உண்மை. அங்கேயும் அந்த விதியை விதிப்பது ஊடகமே.

ஈழப்போர்க் காலத்தில் பி.பி.சி. தமிழோசையைச் சிற்றலையில் தேடிக் கேட்டவர்களுக்கு 25 மீட்டர், 31 மீட்டர் என்ற சொற்கள் நினைவிருக்கும். அது அலைநீளத்தால் இட்ட பெயர். கோவை வானொலியின் மத்திய அலையை 999 கிலோஹெர்ட்ஸ் என்றார்கள். அது அதிர்வெண்ணால் இட்ட பெயர். வானொலி அலையின் வேகம் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்று நிலைத்திருப்பதால் ஒரு பெயரிலிருந்து மற்றதற்கு வகுத்துப் போய்விடலாம்: 999 கிலோஹெர்ட்ஸ் என்றால் 300 மீட்டர். குறிகள் இரண்டு, குறிப்பான பொருள் ஒன்று.

ஆக, சமன்பாட்டில் மூன்றும் சமமாக உட்கார்ந்திருக்கின்றன; எது எதைத் தீர்மானிக்கிறது என்பதை அது சொல்வதில்லை. தறியிலும் சங்கிலும் பெருக்கல் ஒன்றே, காரணகாரியம் வேறு. புள்ளிவிவரத்தை வைத்து அரசியல் பேசுகிற நமக்கு இது பொதுவான எச்சரிக்கை.

இன்னொன்றும் உண்டு. சங்கருகே இருந்த காற்று கேட்பவர் காதுவரை பயணம் செய்வதில்லை. ஒவ்வொரு துணுக்கும் தன் இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடி, பக்கத்துத் துணுக்கைத் தள்ளிவிட்டு நிற்கிறது. 'அலையில் மக்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள்' என்று எழுதும்போது நாம் அழித்துவிடுவது இந்தத் தள்ளலைத்தான்: யார் யாரிடம் பேசினார்கள், எந்தத் தெருவோடு பேச்சு நின்றுபோனது என்பதை.

உவமையிலிருந்து நிரூபணம் கிடைக்காது, கேள்வி கிடைக்கும். மாதம் ஓர் அறிக்கைக்குப் பதில் நான்கு அறிக்கை விட்டால் இயக்கம் நாலு மடங்கு வேகத்தில் பரவும் என்று நம்புகிறவர்கள் அதிர்வெண்ணை வேகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முகடுகள் நெருங்கும், அவ்வளவுதான். வேகம் வேண்டுமென்றால் கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஊருக்கும் சேரிக்கும் நடுவே, மில்லுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற ஊடகம் எப்படிப்பட்டது?