புது லேப்டாப் வாங்கணுமா?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு நேயர் கேட்கிறார்: “அப்பா லேப்டாப்ல விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, புதுசு வாங்குங்கன்னு திருச்சியில கடைக்காரர் சொல்றார். வாங்கணுமா?”

அவசரம் வேண்டாம். சப்போர்ட் முடிஞ்சா மெஷின் நின்னுடாது. புதுசா தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டாங்க. அப்பா அதுல பேங்க் வேலை பார்க்கிறார்னா அது பெரிய விஷயம். 2026 அக்டோபர் 13 வரை மைக்ரோசாஃப்ட் நீட்டிப்பு தருது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்யணும்.

இன்னொரு வழி, லினக்ஸ் மின்ட். இலவசம். 4 ஜிபி ராம் இருந்தா போதும். பென்டிரைவில் போட்டு, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, பிரின்டர், தமிழ் டைப்பிங் மூணும் வருதான்னு பாருங்க. போட்டோவையெல்லாம் காப்பி எடுக்காம மட்டும் இன்ஸ்டால் பண்ணிடாதீங்க.

கடையில இதை ஏன் சொல்லலை? லினக்ஸுக்கு விளம்பரம் கிடையாது. மத்தவங்களுக்கு அதுதான் சண்டைக்களம். 2006-ல ஆப்பிள், மேக்கை ஜாலியான இளைஞனாவும் பிசியை கோட்டு போட்ட அசடாவும் காட்டுச்சு. (சிரிச்சேன், ஒத்துக்கிறேன்.) 2012-ல மைக்ரோசாஃப்ட், ‘விளம்பரத்துக்காக ஜிமெயில் உங்க மெயிலை அலசுது’ன்னு கூகுளைத் தாக்குச்சு. கூகுள் அதை 2017-ல நிறுத்துறதா அறிவிச்சுது. 2024-ல பார்த்தா, விண்டோஸ் 11 ஸ்டார்ட் மெனுவிலேயே ஆப் விளம்பரம்!

லினக்ஸ் நமக்குப் புதுசும் இல்லை. 2011-ல ஸ்ரீரங்கம் எம்எல்ஏவா ஜெயிச்சு முதல்வரான ஜெயலலிதா கொடுத்த விலையில்லா லேப்டாப்ல, விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. அது நம்ம அரசோட சி-டாக் உருவாக்கினது. உங்க தெருவில் அந்த லேப்டாப் வாங்கின பசங்க இருப்பாங்க. பென்டிரைவ் தயார் பண்ண அவங்களைக் கூப்பிடுங்க.