சிறு காருக்குச் சூப்பர்சார்ஜர்

செவிலிமேட்டு இளைஞர் சிலர், தம் சிறு காருக்கு எந்தச் சூப்பர்சார்ஜர் ஏற்றது என என்னை வினவுவதுண்டு. அவர்கள் குதிரைத்திறனை நோக்குகின்றனர். நான் எஞ்சினின் அழுத்த விகிதத்தை முதலில் பார்க்கச் சொல்வேன்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் வெளிவந்த சான்ட்ரோவை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் ஒரு லிட்டர். இரு சுற்றுக்கு ஒருமுறையே உருளைகள் நிரம்புவதால், நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அது ஏறத்தாழ 3,000 லிட்டர் காற்றையே உறிஞ்சும். சூப்பர்சார்ஜர் அதற்கு மேலும் காற்றைத் திணிக்கிறது. பெட்ரோலும் கூடுதலாக எரிகிறது, ஆற்றல் பெருகுகிறது. ஆனால் அழுத்திய காற்று சூடேறும் அன்றோ! அழுத்த விகிதம் 10, 11 என உயர்ந்த எஞ்சினில், தீப்பொறியின் சுடர் எட்டுமுன்னரே எஞ்சிய கலவை தானே வெடிக்கும். தட்டும் ஓசை கேட்கும். நீடித்தால் பிஸ்டனே உடையும். அத்தகைய எஞ்சினுக்குக் குறைந்த அழுத்தமும், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் இன்றியமையாதவை.

ரூட்ஸ் சகோதரர் 1860-இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவியின் வழிவந்த வகை, குறைந்த சுழற்சியிலேயே காற்றைத் தள்ளும். காஞ்சியின் நெரிசல் தெருக்களுக்கு அதுவே தக்கது. மையவிலக்கு வகை சுழற்சி மிகுந்தால்தான் வலுக்காட்டும். அது பெங்களூர் நெடுஞ்சாலைக்கு உரியது. இரண்டையும் சுழற்றுவது எஞ்சினே என்பதால், பெற்ற ஆற்றலில் ஒரு பங்கு அதற்கே செலவாகும்.

பணம் கொடுக்குமுன் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்துவிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறியுங்கள். பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறும்படி வண்டியைத் திருத்த அப்பிரிவு பொதுவாக இடந்தருவதில்லை.