படைக்கலமும் அரசின் காவலும்: நியூ யோர்க் நகரம் காட்டும் பாடம்

நாடு காவல் பூண்ட மன்னன் தன் குடிகளுக்கு நீக்கவேண்டிய அச்சம் ஐந்து என்று பெரியபுராணத்திலே சேக்கிழார் சுவாமிகள் மனுநீதிகண்ட சோழன் வாயிலாக வகுத்துரைப்பார். அரசனாகிய தன்னால் வருவது, தன் ஏவலாளரால் வருவது, பகைவரால் வருவது, கள்வரால் வருவது, பிற உயிர்களால் வருவது என்பன அவை. இவ்வைந்தனுள்ளும் கள்வரால் வரும் அச்சமும் ஏவலாளரால் வரும் அச்சமும் இக்காலப் பெருநகர்களில் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கின்றன. கள்வர் கையிற் படைக்கலம் சேராதிருத்தற்பொருட்டு அரசு கடுஞ்சட்டம் இயற்றுகின்றது. இயற்றவே, படைக்கலம் வைத்திருக்கத் தகுந்தவர் இவர், தகாதவர் இவர் எனத் தீர்க்கும் அதிகாரம் ஏவலாளர் கைக்குப் போகின்றது. ஓரச்சத்தை நீக்கப் புகுந்தவிடத்து மற்றோரச்சம் தலையெடுக்கின்றது. இந்நிலையை நூறாண்டுக்கு மேலாகக் கண்ட நகரம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூ யோர்க். அந்நகரின் வரலாற்றைக்கொண்டு இப்பொருளை ஈண்டு ஆராய்வாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ யோர்க் நகரிலே கைத்துப்பாக்கி எவரும் எளிதில் வாங்கத்தக்க பண்டமாயிருந்தது. 1910 ஓகஸ்ட் மாதத்தில் நகர மேயராகிய வில்லியம் கெயினர் என்பார், நகரசபை வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவனாற் சுடப்பட்டார். உயிர் பிழைத்தாராயினும் குண்டு அவர் தொண்டையிலேயே தங்கிவிட்டது. 1911 சனவரியில் டேவிட் கிரகாம் பிலிப்ஸ் என்னும் நாவலாசிரியர் பட்டப்பகலிலே நடுத்தெருவிற் சுடப்பட்டு இறந்தார். இவ்விரு நிகழ்ச்சிகளும் மக்கள் மனத்தைப் பெரிதும் கலக்கின. அவ்வாண்டிலேயே மாநிலச் செனற் சபையின் உறுப்பினராகிய திமொதி சலிவன் கொணர்ந்த சட்டம் நிறைவேறி, ஓகஸ்ட் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. மறைத்துக்கொண்டு செல்லத்தக்க சிறு துப்பாக்கியை வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றும், அதுவின்றி வெளியே கொண்டுசெல்வது பாரதூரமான குற்றம் என்றும் அச்சட்டம் விதித்தது. 1913ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் ஒரு நிபந்தனை சேர்த்தது. துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல விரும்புவோர் அதற்குத் ‘தக்க காரணம்’ காட்டவேண்டும் என்பதே அது.

இத்‘தக்க காரணம்’ என்னுந் தொடரிலேதான் சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது. பொதுமக்கள் எல்லார்க்கும் உள்ள அச்சம் தக்க காரணம் ஆகாது எனவும், ஏனையோரினின்றும் வேறுபட்ட தனிப்பட்ட தற்காப்புத் தேவை இருத்தல் வேண்டும் எனவும் நீதிமன்றம் 1980இற் பொருள் விரித்தது. கள்வர் மிகுந்த வட்டாரத்தில் வாழ்தலும் இரவில் வேலை முடிந்து தனியே வீடு திரும்புதலும் போதிய காரணங்களாகக் கொள்ளப்படவில்லை. நகருள் இதனைத் தீர்மானித்தவர் பொலிஸ் ஆணையாளர்.

இக்கடுமைக்கு நியாயம் இல்லாமலில்லை. பல இலட்சம் மக்கள் ஒருவரோடொருவர் தோள் உரச நடக்கும் தெருவில், நிலத்தடிப் புகையிரதத்தில், ஒருவன் குறி தவறிச் சுடின் வேறொருவன் மடிவான். சிறு வாய்த்தர்க்கமும் கையிலே துப்பாக்கி இருந்தாற் கொலையில் முடியும். 1984 டிசம்பர் 22ஆம் நாள் நிகழ்ந்ததொன்று இதற்குச் சான்று. பேர்னாட் கெற்ஸ் என்பவர் முன்னர்க் கள்வராற் தாக்குண்டவர். துப்பாக்கிக்கு அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர். வேறொரு மாநிலத்தில் வாங்கிய துப்பாக்கியை அனுமதியின்றி வைத்திருந்த அவர், புகையிரதத்திலே தம்மிடம் ஐந்து டொலர் கேட்ட இளைஞரையும் அவருடனிருந்த மூவரையும் சுட்டார். நால்வரும் உயிர் பிழைத்தனராயினும் ஒருவர் முடமாயினார். சுட்டவர் வெள்ளையர், சுடப்பட்டோர் கறுப்பினத்தவர் என்பதனால் நாடே இருகூறாகி வாதிட்டது. தற்காப்பு என்பது சுட்டவனுடைய உள்ளத்து அச்சத்தை மாத்திரம் கொண்டு அளக்கப்படுவதன்று. அச்சூழ்நிலையில் நியாயபுத்தியுள்ள ஒருவனும் அவ்வாறு அஞ்சுவானோ என்பதையும் நோக்கவேண்டும் என்று மாநிலத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1986இல் விளக்கிற்று. எனினும் 1987இல் யூரிமார் அவரைக் கொலை முயற்சிக் குற்றத்தினின்றும் விடுவித்து, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தமைக்கு மட்டும் குற்றவாளியாக்கினர். அச்சத்தால் நடுங்கும் கை நீதிபதியின் கை ஆகாது என்பதை இவ்வழக்கு உணர்த்தும்.

இனி, மறுபக்கத்தை நோக்குவாம். குடிமகனுடைய கையிலிருந்து படைக்கலத்தை வாங்கிக்கொள்ளும் அரசு, அவனைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுகின்றதா? 1959இல் நியூ யோர்க் நகரில் வாழ்ந்த ஓர் இளம்பெண்ணை, அவள் வெறுத்து ஒதுக்கிய வழக்கறிஞர் ஒருவர் பல மாதங்களாக அச்சுறுத்தி வந்தார். அவள் மீண்டும் மீண்டும் பொலிசாரிடம் முறையிட்டாள். வேறொருவருடன் திருமணம் நிச்சயிக்கப்பட்ட கொண்டாட்டத்தின்போதே அச்சுறுத்தல் வந்தது, அன்றும் உதவி கேட்டாள், கிடைக்கவில்லை. மறுநாள் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருவன் அவள் முகத்தில் எரிகாரத்தை வீசினான். ஒரு கண் முற்றாகக் குருடாயிற்று. மற்றைக் கண்ணிலும் பார்வை பெரும்பகுதி போயிற்று. அதன் பின்னரே இரவும் பகலும் காவல் கொடுக்கப்பட்டது. அவள் நகராட்சிமீது வழக்குத் தொடுத்தாள். 1968இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், தனியொருவரைக் காப்பதற்கு நகரம் சட்டப்படி கடமைப்பட்டதன்று எனத் தீர்த்தது. காவற்படையை எங்கே எவ்வளவு நிறுத்துவது என்பது நீதிமன்றம் தலையிடும் விடயம் அன்று என்பது அதன் கருத்து. நீதியரசர் கீற்றிங் ஒருவரே மாறுபட்டார். சட்டத்திற்குக் கீழ்ப்படிந்து படைக்கலம் ஏந்தாதிருந்த அப்பெண், நகரத்தின் காவலையே நம்பவேண்டியவளானாள். அந்நகரமோ இப்போது பொறுப்பில்லை என்கின்றதே என்று அவர் சுட்டிக்காட்டினார். இக்கேள்விக்குப் பெரும்பான்மைத் தீர்ப்பிலே நேரான விடை இல்லை.

அடுத்து, ஏவலாளரால் வரும் அச்சம். சலிவன் சட்டம் நடைமுறைக்கு வந்த சில வாரங்களில் அதன்கீழ்ச் சிறை சென்றவர் ஓர் இத்தாலியக் குடியேறி. தம்மை மிரட்டும் கும்பலுக்கு அஞ்சியே துப்பாக்கி வைத்திருந்ததாக அவர் கூறியது ஏற்கப்படவில்லை. அதே நகரில் செல்வமும் செல்வாக்கும் உடையோர் அனுமதி பெறுவது பிற்காலத்தில் அரிதாயிருக்கவில்லை. இது நியூ யோர்க்குக்கு மாத்திரம் உரிய குறையும் அன்று. 1956இல் அலபாமா மாநிலத்து மொன்கொமரி நகரிலே மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் இல்லத்திற் குண்டு வீசப்பட்டது. அதன்பின் அவர் கைத்துப்பாக்கிக்கு அனுமதி கேட்டபோது அங்குள்ள அதிகாரிகள் மறுத்துவிட்டனர். அஹிம்சையின் ஆசானாகப் பின்னர் உலகம் போற்றிய ஒருவருக்கே தக்க காரணம் இல்லையென்றால், அதிகாரியின் விருப்பம் என்னும் அளவுகோல் எத்தகையது என்பது தெளிவாகும். 2021இல் நியூ யோர்க் நகரிலே ஏழைகளுக்காக வாதாடும் பொது வழக்கறிஞர் பலர் உயர் நீதிமன்றத்தில் ஒரு விண்ணப்பம் சமர்ப்பித்தனர். அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக வழக்குக்கு உள்ளாவோருட் பெரும்பாலார் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினருமே என அவர்கள் அதில் எடுத்துரைத்தனர்.

இந்நிலையில் ஐக்கிய நாட்டின் உயர் நீதிமன்றம் தலையிட்டது. படைக்கலம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை குறைக்கப்படலாகாது என்பது 1791இல் அந்நாட்டு அரசியல் யாப்பிற் சேர்க்கப்பட்ட இரண்டாந் திருத்தம். அது குடிப்படைக்கு மட்டும் உரியதோ, தனிமனிதனுக்கும் உரியதோ என்பது நெடுங்கால வாதம். வாஷிங்டன் நகரின் 1976ஆம் ஆண்டுத் தடைச்சட்டம் பற்றிய வழக்கில், வீட்டிலே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என 2008இல் தீர்ப்பாயிற்று. சிக்காகோ நகரின் 1982ஆம் ஆண்டுத் தடையைப் பற்றிய வழக்கில், அவ்வுரிமை மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என 2010இல் தீர்ப்பாயிற்று. இரண்டிலும் ஐவர் ஒருபக்கம், நால்வர் மறுபக்கம். 2022 யூன் 23ஆம் நாள் நியூ யோர்க்கின் ‘தக்க காரணம்’ என்னும் நிபந்தனையையே ஆறு நீதியரசர் செல்லாதென்றனர், மூவர் மாறுபட்டனர். ஓர் உரிமையைப் பெறுவதற்கு அதிகாரியிடம் தனித்தேவை காட்டி நிற்றல் வேறெந்த உரிமைக்கும் இல்லாத நிபந்தனை என்று நீதியரசர் கிளாரன்ஸ் தோமஸ் பெரும்பான்மைத் தீர்ப்பில் எழுதினார். மாறுபட்ட நீதியரசர் ஸ்டீபன் பிரையர், 2020ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் 45,222 பேர் துப்பாக்கியால் இறந்தனர் என்பதை முதலிலே நிறுத்தித் தம் மறுப்பைத் தொடங்கினார். அவ்விறப்புகளுட் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கள்வனுக்கு அஞ்சி வாங்கிய கருவி தன்னுயிரையே குடிப்பதும் உண்டு.

தீர்ப்பு வந்த சில நாட்களுள் நியூ யோர்க் மாநிலம் புதுச்சட்டம் இயற்றியது. காரணம் கேட்கும் வழக்கம் ஒழிந்தது. அதற்குப் பதிலாகப் பதினாறு மணிநேர வகுப்பும் இரண்டு மணிநேரச் சுடுபயிற்சியும் கட்டாயமாயின. பாடசாலை, நிலத்தடிப் புகையிரதம், ரைம்ஸ் சதுக்கம் முதலிய இடங்களிலே துப்பாக்கி கொண்டுசெல்லல் தடுக்கப்பட்டது. இதனைப் பற்றியும் வழக்குகள் எழுந்தன.

கடுஞ்சட்டம் பயன் தந்ததா என வினவுவார்க்கு ஒன்று கூறலாம். 1990இல் நியூ யோர்க் நகரிலே 2,200க்கு மேற்பட்ட கொலைகள் நிகழ்ந்தன. 2017இல் அத்தொகை 300க்குக் கீழே இறங்கியது. இரண்டு ஆண்டுகளிலும் நடைமுறையில் இருந்தது ஒரே சலிவன் சட்டந்தான். ஆகவே ஏற்றத்திற்கோ இறக்கத்திற்கோ சட்டத்தை மாத்திரம் காரணமாக்குதல் பொருந்தாது. அன்றியும், அந்நகரிலே குற்றவாளிகளிடம் கைப்பற்றப்படும் துப்பாக்கிகளுட் பல, சட்டம் தளர்ந்த தென்மாநிலங்களில் வாங்கப்பட்டுப் பெருந்தெரு வழியாக வந்தவை. தன் வயலுக்கு மட்டும் வேலி கட்டி அயல் வயலைத் திறந்துவிட்டால் மாடு புகாமலிருக்குமா?

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாது? படைக்கலத்தைக் கட்டுப்படுத்தல் அரசின் கடமை என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும் அக்கட்டுப்பாடு எல்லார்க்கும் ஒத்த, எழுதி வைத்த நிபந்தனைகளால் அமைதல் வேண்டும். அதிகாரியின் முகக்குறிப்பால் அமைதல் ஆகாது. இவ்வளவில் 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஏவலாளரால் வரும் அச்சத்தை ஓரளவு நீக்கிற்று எனலாம். கள்வரால் வரும் அச்சமோ அவ்வாறே நிற்கின்றது. துப்பாக்கி வாங்குதற்குப் பொருளில்லாத ஏழையும், சுடுவதற்கு மனமில்லாத சான்றோரும், ஏந்த வலுவில்லாத முதியோரும் அரசின் காவலையே நம்பி வாழ்பவர். அவர்களுக்கு அரசு கடமைப்பட்டதா என்று நீதியரசர் கீற்றிங் 1968இல் எழுப்பிய வினாவை, துப்பாக்கி ஏந்தும் உரிமை தீர்த்துவைக்கவில்லை. படைக்கலத்தைக் கீழே வை என்று சொல்லும் அரசு, உன்னை யான் காப்பேன் என்றும் சொல்லுதல் வேண்டும். சொல்லியபின் காவாதொழியின் அதற்கு விடைசொல்லவும் வேண்டும். தன் மகன்மீதே தேர்க்காலைச் செலுத்தி ஒரு பசுவின் கண்ணீருக்கு விடைசொன்ன மன்னன் கதையை நாம் மாணவர்க்குக் கற்பிப்பது இதனை உணர்த்துதற்கே.