கருவறையில் மூளையின் மின்னலைகள்: செம்மறியாட்டுக் கருவை முன்வைத்து

முன்னுரை

உறக்கச் சுழற்சி பிறப்பிற்குப் பின்னரே தொடங்குகிறது என்பது பொதுவான எண்ணம். அது கருவறையிலேயே உருப்பெறுவதைச் செம்மறியாட்டுக் கருவின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

இருவகை அலைகள்

செம்மறியாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள்கள். ஆய்வாளர்கள் கருவின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, மீண்டும் கருப்பையினுள்ளேயே வளரவிட்டு மூளையலைகளைப் பதிவுசெய்தனர். ஏறத்தாழ 120ஆம் நாளுக்குப் பின் இரு நிலைகள் தெளிவாகப் பிரிகின்றன. ஒன்றில் அலைகள் உயர்ந்தும் மெதுவாகவும், மற்றொன்றில் தாழ்ந்தும் விரைவாகவும் அமைகின்றன. பின்னதில் கண்கள் விரைந்து அசைகின்றன. நுரையீரலில் காற்றில்லாதபோதும் மூச்சசைவுகள் தோன்றுகின்றன. இத்தொடர்பினை ஜெஃப்ரி டாஸ் குழுவினர் 1972இல் வெளியிட்டனர்.

சுழற்சியின் பயன்

புறத்தூண்டல் குறைந்த கருவறையில் விரைவிழி உறக்கமே மூளை வளர்ச்சிக்குரிய அகத்தூண்டலைத் தருகிறது என்னும் கருதுகோளை ராஃப்வார்க், முசியோ, டெமென்ட் ஆகியோர் 1966இல் முன்வைத்தனர். முதிர்ந்து பிறக்கும் கினிப்பன்றிக் குட்டியிடம் இவ்வுறக்கம் குறைவு. முதிராது பிறக்கும் எலிக்குட்டியிடம் மிகுதி. இவ்வேறுபாடு அக்கருதுகோளுக்கு அரணாகிறது.

மருத்துவப் பொருத்தம்

ஆக்சிசன் குறையும்போது ஆட்டுக்கருவின் மூச்சசைவு நிற்கிறது. மெதுவலை நிலையிலும் அது பெரும்பாலும் நிகழ்வதில்லை. ஆகவே அசைவின்மை ஒன்றே இடரின் அடையாளம் ஆகாது. மனிதக் கருவின் நலத்தை மீயொலிக் கருவியால் மதிப்பிடுவோர் 30 நிமிடம்வரை நோக்குவதன் காரணம் இதுவே. இவ்வேறுபாட்டை உணராதவிடத்து, அமைதியாக உறங்கும் கருவையும் இடருற்றதெனக் கணிக்க நேரும்.

முடிவுரை

பிறப்பு மூளையின் இயக்கத்தைத் தொடங்கிவைப்பதில்லை. முன்னரே இயங்கிவரும் மூளையைப் புறவுலகிற்கு அறிமுகப்படுத்துகிறது. கருவின் அமைதியை இச்சுழற்சியோடு பொருத்திக் காண்பதே முறையாகும்.