சினை ஆட்டுக்குக் கடைசி ஆறு வாரம்

ராஜபாளையம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு நாய்தான் ஞாபகம் வரும். எனக்கு இப்போது கன்னி ஆடு. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளை என்றால் பால்கன்னி, சிவப்பு என்றால் செங்கன்னி. விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் அதிகம் காணப்படும் இனம். இரட்டைக் குட்டி இதில் சர்வசாதாரணம். ஆட்டுக்காரருக்கு லாபமும் அதில்தான், ஆபத்தும் அதில்தான்.

சினைக்காலம் சுமார் 150 நாள். குட்டியின் பிறப்பு எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. அதே நேரத்தில் பெருத்த கர்ப்பப்பை இரைப்பையை நெருக்கும். அதாவது தேவை கூடும்போது வயிற்றில் இடம் குறைகிறது. "மேயுறது மேயட்டும், ஈனுன பொறகு பாலுக்குப் போட்டுக்கலாம்" என்ற கணக்கு இங்கேதான் இடிக்கிறது. சோளத்தட்டையை இன்னும் அள்ளிப்போட்டாலும் பயனில்லை. வயிறு நிறையும், சத்து சேராது.

எரிசக்தி போதாவிட்டால் ஆடு தன் கொழுப்பைக் கரைக்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கீட்டோன் சேர்ந்துவிடும். ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும், தீனி எடுக்காது, பல்லைக் கடிக்கும், பிறகு படுத்துவிடும். தாயும் போய் வயிற்றுக் குட்டிகளும் போகும். கொழுத்த ஆடு தப்பிக்கும் என்றும் நினைக்க வேண்டாம், அதற்கும் இது வரும். அறிகுறி தெரிந்த அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடணும்.

தடுக்கிற வழி எளிது. உடைத்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் தாது உப்பு கலந்து ஒரு ஆட்டுக்கு தினம் 200 முதல் 300 கிராம். மக்காச்சோளம் நம்ம பக்கத்து மானாவாரிக் காட்டிலேயே விளைகிறது. 50 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். திடீரென்று தானியம் போட்டால் இரைப்பை புளித்து அதுவே ஆளை முடித்துவிடும். கூடவே அகத்தி, சூபாபுல் தழை.

குட்டி போட்டதும் நஞ்சுக்கொடி விழட்டும் என்று சீம்பாலைத் தள்ளிப்போடுவது சில இடங்களில் வழக்கம். கூடாது. ஆட்டுக் கர்ப்பத்தில் நோய் எதிர்ப்பு குட்டிக்குப் போவதில்லை. சீம்பால் வழியாகத்தான் போகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் குடிக்கணும். பால் மூன்று நான்கு வாரத்தில் உச்சத்துக்கு வரும். அதுவரை கலப்புத் தீவனத்தைக் குறைக்காதீர்கள், இரட்டைக் குட்டித் தாய்க்கு இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள், தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும்.

கிடா சேர்ந்த தேதியை எழுதி வைத்தால் 100ஆம் நாளில் தொடங்கிவிடலாம். மந்தையோடு கிடா திரிகிற இடத்தில் தேதி ஏது? அங்கே மடியைத்தான் பார்க்கணும். மடி இறங்க ஆரம்பித்த ஆட்டை அன்றே தனியாகக் கட்டித் தீவனம் வையுங்கள்.