பிளக் பொருந்தினால் போதுமா?

மீள்குடியேறிய நாள்முதல் வாளியால் இறைத்துத் தோட்டம் செய்துவந்த ஒரு குடும்பத்துக்குக் கனடாவில் உள்ள மகன் கப்பலில் ஒரு தண்ணீர் மோட்டரை அனுப்பிவைத்தார். அதன் பிளக் எமது பொயின்ற்றில் ஏறவில்லை. தகப்பனார் ரவுணுக்குப் போய் ஓர் அடப்ரர் வாங்கிவந்து பொருத்திச் சுவிச்சைப் போட்டார். மோட்டர் பெரிதாக உறுமியது. ஒரு நிமிடம் ஆகுமுன் கருகிய மணம் வந்தது. கிணற்றிலிருந்து ஒரு துளி நீரும் மேலே வரவில்லை.

அடப்ரர் விற்றவரும் பொய் சொல்லவில்லை, மோட்டரும் பழுதானதல்ல. பிளக் ஒன்று, மின்சாரம் வேறொன்று என்பதை அந்த வீட்டுக்கு எடுத்துச் சொல்ல எவரும் இருக்கவில்லை. வெளிநாட்டில் உறவினர் இல்லாத குடும்பம் எம்மவரிடையே குறைவு. பெட்டிகள் வருகின்றன, வளைகுடாவில் வேலைசெய்து திரும்புவோர் சாமான்களைச் சுமந்து வருகிறார்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் இங்கிருந்து கொண்டுபோகிறார்கள். ஆகவே இதனைச் சற்று விபரமாகப் பார்ப்போம்.

இலங்கையில் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் மின்சாரமாகும். வோல்ற் என்பதைக் குழாய்த் தண்ணீரின் அமுக்கத்துக்கு ஒப்பிடலாம். ஹேர்ட்ஸ் என்பது, மின்சாரம் ஒரு செக்கனில் எத்தனை முறை முன்னும் பின்னுமாக அலைகிறது என்பதைக் காட்டும். பாடப்புத்தகத்தில் இதனை மீடிறன் என்பார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். 120 வோல்ற்றுக்குச் செய்த பொருளை 230 வோல்ற்றில் கொழுவினால் அமுக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆனால் வெப்பம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. மூன்றரை மடங்குக்கும் மேலாகிறது. 500 வாற் ரைஸ் குக்கர் ஒன்று 1,800 வாற் அளவுக்குச் சூடேற முயலும். அது சோறு வேகும்வரை காத்திராது.

எல்லா நாடுகளும் கனடாவைப் போன்றவை அல்ல. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் எம்மைப் போலவே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்தான். கட்டார், குவைத், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றிலும் பெரிய வேறுபாடில்லை. பிளக்கும் எமது 13 அம்பியர் சதுர முள் பிளக்கே. அங்கிருந்து வரும் சாமான்களைப் பெரும்பாலும் அப்படியே பாவிக்கலாம். சவூதியில் கவனம் தேவை. இன்று அங்கு 230 வோல்ற்றுக்கு மாற்றிவருகிறார்கள் என்றாலும், முன்னர் பல வீடுகளில் 127 வோல்ற் மின்சாரமே இருந்தது. மீடிறனும் 60 ஹேர்ட்ஸ். கொரியாவில் 220 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். யப்பானில் 100 வோல்ற் மாத்திரமே.

நாட்டின் பெயரை மனப்பாடம் செய்வதைவிடப் பொருளின் பின்புறத்தையோ அடிப்பக்கத்தையோ திருப்பிப் பார்ப்பதே நல்லது. அங்கே ஒரு சிறு தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும். அதில் 'இன்புட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அருகே 100–240 என்றும், அதையடுத்து 50/60 என்றும் போட்டிருந்தால் அந்தப் பொருள் எந்த நாட்டிலும் வேலைசெய்யும். கைத்தொலைபேசிச் சார்ஜர், மடிக்கணினிச் சார்ஜர் முதலியவை அநேகமாக இவ்வகையே. இவற்றுக்கு அடப்ரர் மாத்திரம் போதும். 120 என்று மட்டும் இருந்தால் எக்காரணங்கொண்டும் நேரே கொழுவக்கூடாது.

அடப்ரர் பிளக்கின் உருவத்தை மாற்றுமேயன்றி வோல்ற்றை மாற்றாது. சில அடப்ரர்களில் '110–250 வோல்ற்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, இது கூட்டிக் குறைத்துத் தரும் என்று நம்பி வாங்குகிறார்கள். அந்த அடப்ரர் அவ்வளவு வோல்ற்றைத் தாங்கும் என்பதே அதன் பொருள். அருகே 6 அம்பியர், 10 அம்பியர் என்றும் இருக்கும். அந்த எண்ணை 230ஆல் பெருக்கினால் எத்தனை வாற் தாங்கும் என்பது வரும். 6 அம்பியர் அடப்ரர் 1,380 வாற். 2,000 வாற் மின் கேத்தலை அதில் போட்டால் உருகும்.

இன்னொரு பொல்லாத பழக்கத்தையும் சொல்லவேண்டும். ஐரோப்பாவின் இரண்டு முள் பிளக் எமது சதுர முள் பொயின்ற்றில் ஏறாதபோது, மேல் துளைக்குள் பேனை மூடியையோ ஈர்க்குக் கட்டையையோ குத்தி வாசலைத் திறந்து பிளக்கைத் திணிக்கிறார்கள். அந்த மேல் துளை புவிக்கம்பிக்குரியது. அதற்குள் குத்தினால்தான் மற்றத் துளைகள் திறக்கும்படி அமைத்திருப்பதே சிறுபிள்ளைகளின் விரலைக் காப்பதற்காக. திணித்த பிளக் தளர்ந்து நின்று பொறி பறக்கும். மின்னழுத்தி போன்ற உலோக உடலுள்ள பொருளாயின் புவித்தொடுப்பும் இல்லாமற் போகும். உள்ளே கம்பி ஒன்று உடலில் முட்டினால், தொடுபவருக்கே மின்சாரம் பாயும். அயல்வீட்டிலிருந்து வயர் இழுத்துப் பாவிக்கும் தற்காலிக வீடுகளில் பல வேளைகளில் ரிப் சுவிச்சும் இருப்பதில்லை. அங்கே இது உயிருக்கு உலை வைக்கும்.

வோல்ற்றைக் குறைப்பது ரான்ஸ்போமர், அதாவது நிலைமாற்றி. 230ஐ 110 அல்லது 120 ஆக்கும் ரான்ஸ்போமர்கள் கடைகளில் உண்டு. பொருளின் வாற் அளவைவிடக் கூடியதாக வாங்கவேண்டும். 500 வாற் குக்கருக்கு 750 வாற்றாவது வேண்டும். அது பாரமானது, விலையும் கூடியது. ரான்ஸ்போமர் வாங்கும் காசுக்கு இங்கே ஒரு புதிய குக்கரே வாங்கிவிடலாம் என்பது எமது அபிப்பிராயம். பாரமில்லாத சிறிய மாற்றிகளும் விற்கிறார்கள். அவற்றுட் பல வெறும் சூடாக்கும் பொருட்களுக்கே உகந்தவை. ரேடியோவையோ மருத்துவ உபகரணத்தையோ அவற்றில் போட்டால் பழுதாகும்.

இனி அந்தத் தண்ணீர் மோட்டரின் கதைக்கு வருவோம். ரான்ஸ்போமர் போட்டிருந்தால் அது தப்பியிருக்குமா? எரிந்திராது என்று சொல்லலாம். ஆனால் ரான்ஸ்போமர் வோல்ற்றை மாற்றுமே தவிர மீடிறனை மாற்றாது. 60 ஹேர்ட்ஸில் நிமிடத்துக்கு 3,450 சுற்றுச் சுழலும் மோட்டர், 50 ஹேர்ட்ஸில் 2,900 சுற்றளவுக்குத்தான் சுழலும். அதாவது ஆறில் ஐந்து பங்கு. நீரின் அளவும் அந்தப் பங்குக்குக் குறையும். தூக்கும் உயரமோ அதைவிடக் குறைந்து, நூற்றுக்கு எழுபது அளவில் வந்து நிற்கும். அங்கே 60 அடி தூக்கும் பம்பு இங்கே 42 அடிதான் தூக்கும். மாரியில் நீர் வரும். கோடையில் கிணறு கீழே போகும்போது, பயிருக்கு அவசரமாக வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிடும். அத்துடன் ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது எடுப்பது ஆயிரம் வாற்றுக்குச் சற்று மேல் என்றாலும், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அதற்கேற்ற பெரிய ரான்ஸ்போமரும் வேண்டும்.

சில மோட்டர்களின் தகட்டில் 115/230 என்று இருக்கும். பின்மூடியைத் திறந்து கம்பியை மாற்றிக் கட்டினால் 230 வோல்ற்றை ஏற்கும். மீடிறன் குறை அப்படியே இருக்கும். கருகிய மோட்டரை இங்குள்ள வைண்டிங் கடையில் 230 வோல்ற் 50 ஹேர்ட்ஸுக்கு மறுபடி சுற்றுவிக்கலாம். ஆயினும் பம்பின் உயரக் குறை தீராது. உதிரிப்பாகமும் கிடைப்பதில்லை. மகன் மோட்டருக்கும் கப்பற் கூலிக்கும் செலவழித்த பணத்தை அனுப்பியிருந்தால், கிணற்றின் ஆழத்துக்கேற்ற மோட்டரை இங்கேயே வாங்கியிருக்கலாம்.

இங்கிருந்து கனடா போகும் பெற்றோரும் கேத்தல், மிக்சி, மின்னழுத்தி எதையும் கட்டவேண்டாம். எரியாது, ஆனால் 2,000 வாற் கேத்தல் அங்கே 550 வாற் அளவில் வேலைசெய்து, தண்ணீர் கொதிக்க அரை மணித்தியாலம் வரை எடுக்கும். இழுப்புக்கு மருந்தாவி பிடிக்கும் இயந்திரம் பாவிப்பவர்கள் புறப்படுமுன் அதன் தகட்டைப் பார்க்கவேண்டும். 230 வோல்ற் 50 ஹேர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், போய் இறங்கும் அன்றே அங்கு ஒன்று கிடைக்கும்படி பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். இரவில் இழுப்பு வந்தபின் தேடமுடியாது.

இந்திய முகாம்களிலிருந்து திரும்பியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்தான். எமது பழைய பொயின்ற்றுகளைப் போன்ற வட்ட முள் பிளக்கை நீக்கி, இப்போது எமது நாட்டில் நியமமாக உள்ள சதுர முள் பிளக்கைப் பூட்டினால் சரி. பூட்டும்போது நிறத்தைப் பார்க்கவேண்டும். மண்ணிறம் உயிர்க்கம்பி, நீலம் நொதுமற்கம்பி, பச்சையும் மஞ்சளும் கலந்தது புவிக்கம்பி. பழைய வயர்களில் சிவப்பு உயிர், கறுப்பு நொதுமல், பச்சை புவி. வட அமெரிக்காவிலோ கறுப்பே உயிர்க்கம்பி, வெள்ளைதான் நொதுமல். எமது பழைய பழக்கத்தில் கறுப்பை நொதுமல் என்று எண்ணிப் பூட்டினால் சுவிச்சை நிறுத்திய பின்னும் பொருளுக்குள் மின்சாரம் நிற்கக்கூடும். தெரிந்த மின்னிணைப்பாளரிடமே இதைக் கொடுப்பது நல்லது.

அடுத்த முறை உறவினர் ஏதாவது அனுப்பப் போவதாகச் சொன்னால், பெட்டி கட்டுமுன் அந்தத் தகட்டைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். 230, 50 என்ற இரண்டு எண்களும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.