வேளாங்கண்ணிக்கு டூர் போறீங்களா? மாதா குளம் பாதையை விட்டுடாதீங்க!
சிலை சிலையாக நிற்கும் பைபிள் கதை

அய்யம்பாளையம்,

கோடை விடுமுறை விட்டால் போதும், அய்யம்பாளையம், பட்டிவீரன்பட்டி, சித்தரேவு பக்கத்து குடும்பங்கள் வேன் பேசி டூர் கிளம்பி விடும். கொடைக்கானல் மலை தலைக்கு மேலேயே இருப்பதால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது டூராகவே தெரிவதில்லை. "கடல் பார்க்கணும்" என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் வண்டி பெரும்பாலும் வேளாங்கண்ணிக்குத்தான் திரும்பும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் இதில் கிடையாது.

வத்தலக்குண்டு, திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் வழியாக சுமார் 300 கிலோ மீட்டர். இவ்வளவு தூரம் போகிறவர்களில் பலர் மாதாவைக் கும்பிட்டு, மொட்டை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, கடலில் குளித்துவிட்டு வண்டி ஏறி விடுகிறார்கள். மாதா குளத்துக்குப் போகும் புனிதப் பாதையை எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் சிலை முன்னால் நின்று போட்டோ எடுப்பதோடு சரி.

அந்தச் சிலைகள் என்ன கதை சொல்கின்றன? விவரம் வருமாறு:-

14 நிலைகள்

பாதையில் நிற்பவற்றில் முக்கியமானது சிலுவைப் பாதை. மொத்தம் 14 நிலைகள். ஆளுநர் பிலாத்து இயேசுவுக்கு மரண தண்டனை விதிப்பது முதல் நிலை. உடலைக் கல்லறையில் வைப்பது 14-வது நிலை. எண்ணைப் பார்த்து வரிசையாக நடந்தால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கதை புரிந்து விடும். ஆரம்பத்தில் இப்படிச் சிலையும் படமும் வைத்ததே அதற்காகத்தானே.

இதில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. 14-ம் பைபிளில் அப்படியே இருப்பவை அல்ல. இயேசு மூன்று தடவை கீழே விழுவதும், வழியில் தாயைச் சந்திப்பதும் பைபிளில் எழுதப்படவில்லை. 6-வது நிலையில் ஒரு பெண் துணியால் இயேசுவின் முகத்தைத் துடைக்கிறாரே, அந்த வெரோணிக்காவின் பெயர் கூட அதில் கிடையாது. காலங்காலமாக மக்கள் வாய்வழியாகச் சொல்லி வந்து வழிபாட்டில் சேர்ந்தவை இவை. 1991-ம் ஆண்டு பெரிய வெள்ளி அன்று போப் இரண்டாம் ஜான்பால், பைபிளில் உள்ள சம்பவங்களை மட்டும் வைத்து 14 நிலைகளை அமைத்து ரோமில் சிலுவைப் பாதை நடத்தினார். ஆனாலும் ஊர் ஊருக்குப் பழைய 14-தான் நிற்கிறது. அந்தப் பெண் துணியோடு நிற்கும் காட்சியை ஜனங்கள் விட்டுக் கொடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

தொலைந்து போன சிறுவன்

இதே பாதையில் ஜெபமாலை தேவ ரகசியக் காட்சிகளும் உண்டு. மாதாவுக்குத் தேவதூதர் செய்தி சொல்வது, மாட்டுத் தொழுவத்தில் குழந்தை பிறப்பது என்று போகும். ஜெபமாலையில் முன்பு 15 ரகசியங்கள். 2002-ல் இன்னும் 5 சேர்ந்து இப்போது 20.

குடும்பத்தோடு போகிறவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை ஒன்று இதில் இருக்கிறது. இயேசுவுக்கு 12 வயது. பண்டிகைக்காக ஜெருசலேம் போன குடும்பம் ஊர் திரும்புகிறது. பையன் சொந்தக்காரர்களோடு வருகிறான் என்று நினைத்து ஒரு நாள் பூராவும் நடந்து விட்டார்கள். பிறகுதான் ஆளைக் காணோம் என்பது தெரிகிறது. பதறி அடித்துக்கொண்டு திரும்பி ஓடி, மூன்று நாள் கழித்துக் கோவிலில் கண்டுபிடிக்கிறார்கள்.

இரண்டு வேனில் போகும் நம்ம ஆட்களுக்கும் இதேதான் நடக்கிறது. "அவன் அந்த வண்டியில இருப்பான்" என்று இவர்களும், "இந்த வண்டியில இருப்பான்" என்று அவர்களும் நினைத்து விடுவார்கள். வண்டி எடுக்கும் முன் தலையை எண்ணுங்கள். சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பையில் செல்போன் நம்பரை எழுதி வையுங்கள்.

கடலும் அப்படித்தான். மருதாநதி அணைத் தண்ணீரில் நீந்திப் பழகிய பையன்கள் அலையைச் சாதாரணமாக நினைத்து இறங்கி விடுவார்கள். அணைத் தண்ணீர் ஆளை இழுக்காது. அலை திரும்பும்போது காலுக்கடியில் மணலையும் சேர்த்து இழுக்கும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த சுனாமியில் வேளாங்கண்ணியில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் பலியானார்கள். அதில் வெளியூரில் இருந்து வந்த பக்தர்கள் ஏராளம்.

பீங்கான் தட்டுகள்

பாலுக்காரச் சிறுவனுக்கும், நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுக்கும் மாதா காட்சி கொடுத்ததாகத் தல வரலாறு சொல்கிறது. புயலில் சிக்கித் தப்பிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் கரை சேர்ந்தது செப்டம்பர் 8 என்றும், அந்த நன்றிக்கு ஆலயம் எடுத்துக் கட்டினார்கள் என்றும் சொல்வார்கள். அவர்கள் கொண்டு வந்த பீங்கான் தட்டுகள் மாதா பீடத்தைச் சுற்றிப் பதிக்கப்பட்டுள்ளன. அதில் வரைந்திருப்பதும் பைபிள் காட்சிகள்தான். நெரிசலில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. 1962-ல் போப் 23-ம் ஜான் இந்த ஆலயத்தைப் பேராலயமாக உயர்த்தினார்.

வெளிநாட்டில் டிக்கெட்

அமெரிக்காவில் இதையே பெரிய தொழிலாக நடத்துகிறார்கள். கென்டக்கி மாநிலத்தில் பைபிளில் சொன்ன அளவை வைத்து 510 அடி நீளத்துக்கு நோவாவின் பேழையை மரத்தில் கட்டி 2016-ல் திறந்தார்கள். டிக்கெட் இல்லாமல் உள்ளே போக முடியாது. ஆர்லாண்டோ நகரில் பழைய ஜெருசலேம் போலவே போட்ட பூங்கா 2001-ல் தொடங்கி 2020-ல் மூடப்பட்டு, அடுத்த ஆண்டு விற்கப்பட்டு விட்டது.

வேளாங்கண்ணி பாதையில் நடக்க காசு வேண்டாம். ஆனால் மே மாதம் மத்தியானம் மணல் காலைச் சுட்டு எடுத்து விடும். முழங்காலிட்டே போகிறவர்கள் வருவார்கள், அவர்களுக்கு வழி விடுங்கள். விடியக்காலையில் போனால் பிள்ளைகள் சிணுங்காமல் நடப்பார்கள். ஆகஸ்டு 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை திருவிழாக் கூட்டத்தில் நின்று பார்க்க முடியாது.

பக்தர்கள் செலுத்திய காணிக்கைகள் வைத்திருக்கும் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். தங்கம், வெள்ளியில் செய்த கை, கால், வீடு என்று வைத்திருக்கிறார்கள். குழந்தை பிறந்தது, நோய் தீர்ந்தது என்று எழுதிய நன்றிக் கடிதங்களும் உண்டு. தென்னந்தோப்புக்குப் பேர் போன அய்யம்பாளையத்துக்காரர்களுக்கு இன்னொரு தகவல்: வேளாங்கண்ணியில் தென்னங்கன்றையும் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள்.